சாதாவா, பவரா? பெட்ரோலின் ஆக்டேன் எண் உண்மையில் எதைச் சொல்கிறது

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தியதும், மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கு முன்பாகவே, பணியாளர் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்: "சாதாவா சார், பவரா?" புதிதாகக் கார் வாங்கியவர், வளரும் பிள்ளைக்குச் சத்துணவு வாங்கித் தரும் பரிவோடு, விலை கூடியதையே போடச் சொல்கிறார். பத்து ஆண்டு ஓடிய வண்டிக்காரர், கிழட்டு எஞ்சினுக்குத் தெம்பு வரட்டும் என்று மாதம் ஒருமுறை மட்டும் அதைப் போடுகிறார். ஒரு நிறுவனத்தின் பங்க்கை விட்டு வேறு எங்கும் நிறுத்தாதவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் தங்கள் வண்டியின்மீது உண்மையான அக்கறை கொண்டவர்கள். ஆனால் அந்த அக்கறைக்கு அடிப்படையாக இருக்கும் எண்ணம், அதாவது ஆக்டேன் எண் கூடக்கூடப் பெட்ரோலின் சக்தி கூடும் என்பது, தவறானது. ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளப்பதே இல்லை. அது எதை அளக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், பங்க்கில் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் தம் வண்டிக்கு ஏற்ற விடையைத் தாமே சொல்லிக்கொள்ள முடியும்.

சைக்கிள் பம்பில் தொடங்குவோம்

சைக்கிளுக்குக் கைப்பம்பால் காற்றடித்தவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். பத்து இருபது முறை அடித்த பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். உராய்வு அதற்குச் சிறு காரணம்தான். காற்றைச் சிறிய இடத்துக்குள் அடைத்து நெருக்கினாலே அது சூடேறும் என்பதே முதன்மைக் காரணம். எஞ்சினுக்குள் நடப்பதும் இதுதான். சிலிண்டர் என்னும் குழாய்க்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் மேலேறும்போது அந்தக் கலவை நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது. உரிய நொடியில் ஸ்பார்க் பிளக் ஒரு தீப்பொறியைக் கொடுக்க, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலே சக்கரம் வரை போய்ச் சேர்கிறது.

கலவை எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு அழுத்த விகிதம் என்று பெயர். பத்துப் பங்கு இடத்தில் இருந்த கலவை ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்பட்டால் விகிதம் 10. இது கூடினால் அதே அளவு பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலையைப் பெறலாம். அதனால்தான் எஞ்சின் வடிவமைப்பாளர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த எண்ணை உயர்த்துவதற்கு முயன்று வருகிறார்கள். ஒரு காலத்தில் 7, 8 என்று இருந்த விகிதம், இன்றைய சாதாரணக் குடும்பக் கார்களில் 10 முதல் 12 வரை வந்திருக்கிறது. டர்போ பொருத்திய எஞ்சின்களில் விகிதம் சற்றுக் குறைவாக இருந்தாலும், காற்று முன்கூட்டியே நெருக்கப்பட்டு உள்ளே அனுப்பப்படுவதால், சிலிண்டருக்குள் ஏற்படும் நெருக்கம் இன்னும் அதிகம்.

நெருக்கம் கூடினால் சூடும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல், தீப்பொறிக்காகக் காத்திராமல் கலவை தானே பற்றிக்கொள்ளும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வயலில் பரவும் தீ

பெட்ரோல் எஞ்சினுக்குள் 'வெடிப்பு' நடக்கிறது என்று பலரும் சொல்கிறோம். ஒழுங்காக ஓடும் எஞ்சினில் அப்படி எதுவும் வெடிப்பதில்லை. அறுவடை முடிந்த வயலில் ஒரு மூலையில் வைக்கும் தீ, காய்ந்த தாள்களைப் பற்றிக்கொண்டு ஒரு வரிசையாக மறுமூலையை நோக்கி நகர்வதைப் பார்த்திருப்போம். சிலிண்டருக்குள்ளும் தீப்பொறி விழுந்த இடத்திலிருந்து சுடர் அப்படித்தான் நகர்கிறது. ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் முடிந்துவிட்டாலும், அது ஓர் ஒழுங்கான பயணம். அழுத்தமும் படிப்படியாக ஏறி, பிஸ்டனைச் சீராகத் தள்ளுகிறது.

இப்போது அதே வயலில், தீயின் வரிசை பாதி தூரம் வருவதற்குள், எட்டாத மூலையில் கிடக்கும் தாள் முழுவதும் அனலிலேயே ஒரே நொடியில் பற்றிக்கொள்வதாக நினைத்துப் பாருங்கள். சிலிண்டரில், சுடர் இன்னும் சென்று சேராத கடைசிப் பகுதிக் கலவை, ஏற்கெனவே பிஸ்டனால் நெருக்கப்பட்டும், எரிந்து விரியும் வாயுக்களால் மேலும் நெருக்கப்பட்டும் இருக்கிறது. அதன் வெப்பம் எல்லையைத் தாண்டினால் அது மொத்தமாகத் தானே பற்றிக்கொள்ளும். அழுத்தம் படிப்படியாக ஏறாமல் சம்மட்டி அடியாக விழும். இதற்கு நாக்கிங் என்று பெயர். மெக்கானிக்குகளும் இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கும் ஓசை போல அது வெளியே கேட்கும்.

நீலகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும் மலைப்பாதையில், ஐந்து பேரும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளும் இருந்த என் பழைய காரை, சோம்பலால் மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போனபோதுதான் அந்த ஓசையை நான் முதன்முதலாகக் கேட்டேன். இரண்டாம் கியருக்கு இறக்கியதும் ஓசை நின்றுவிட்டது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது கடைசிப் பகுதிக் கலவை சூட்டில் கிடக்கும் நேரம் நீள்கிறது. மேட்டில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்திருப்பதால் கலவையின் அளவும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கின்றன. கியரை இறக்கும்போது இவை இரண்டும் தணிகின்றன. பெட்ரோலை மாற்றாமல், ஓட்டும் முறையை மாற்றியே நாக்கிங்கைத் தவிர்க்க முடியும் என்பதை அன்று நேரில் கண்டேன்.

எப்போதாவது ஓரிரு முறை கேட்கும் மெல்லிய நாக்கிங் பெரிய கேடு செய்வதில்லை. நீண்ட நேரம் கடுமையாகத் தொடர்ந்தால், பிஸ்டனின் தலைப்பகுதியும் அதைச் சுற்றியுள்ள வளையங்களும் பழுதடையும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: கலவையை எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவு பயன் கிடைக்கும், ஆனால் நெருக்கம் கூடும்போது கலவை தீப்பொறிக்குக் காத்திராமல் தானே பற்றிக்கொள்ளும் ஆபத்தும் கூடும். ஆகவே, நெருக்கத்தைத் தாங்கிக்கொண்டு தீ வந்து சேரும் வரை காத்திருக்கும் எரிபொருள் தேவைப்படுகிறது.

ஆக்டேன் எண் பொறுமையின் அளவு

அந்தக் காத்திருக்கும் குணத்தை அளக்கும் எண்தான் ஆக்டேன். 1920களில் அமெரிக்காவில் பெட்ரோலின் நாக்கிங் குணத்தை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் இல்லை. ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் போக்கில் அளந்துகொண்டிருந்தது. 1926இல் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் இரண்டு தூய திரவங்களை அளவுகோலின் இரு முனைகளாக வைத்தார். எளிதில் தானே பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100. அக்காலத்தில் தூய ஹெப்டேன் ஒருவகைப் பைன் மரப் பிசினிலிருந்து வடித்தெடுக்கப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி.

ஒரு பெட்ரோலின் ஆக்டேன் எண் 91 என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த திரவம் எந்த அளவுக்கு நாக்கிங்கைத் தாங்குமோ, அதே அளவுக்கு இந்தப் பெட்ரோலும் தாங்கும் என்று பொருள். அதில் 91 விழுக்காடு ஆக்டேன் என்ற பொருள் இருக்கிறது என்று பொருளன்று. ஐசோ-ஆக்டேனையும் விஞ்சித் தாங்கும் எரிபொருள்கள் இருப்பதால் 100ஐத் தாண்டிய எண்களும் உண்டு.

இந்த எண் ஆற்றலைக் குறிக்கவில்லை என்பதற்கு நம் கண்முன்னே நல்ல சான்று ஒன்று இருக்கிறது. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கப்படும் எத்தனாலின் ஆக்டேன் எண் ஏறத்தாழ 108. சாதாரணப் பெட்ரோலைவிட மிக அதிகம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனால் எரியும்போது வெளிவரும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பொறுமை மிகுந்த எரிபொருள், சக்தியோ குறைந்தது. மறுபக்கம் டீசலைப் பாருங்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. நெருக்கத்தின் சூட்டில் தானே பற்றிக்கொள்வதுதான் அங்கே வேண்டிய குணம். ஆக்டேன் அளவுகோலில் அது மிகத் தாழ்ந்தது. ஆனால் லிட்டருக்குத் தரும் ஆற்றல் பெட்ரோலைவிடக் கூடுதல்.

ஆக்டேனை உயர்த்தும் வழிகளைத் தேடியதில் ஒரு வருந்தத்தக்க வரலாறும் உண்டு. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைச் சிறிதளவு சேர்த்தாலே நாக்கிங் அடங்குவதைக் கண்டறிந்தார். மலிவான அந்த வழி உலகெங்கும் பரவி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்தைப் பல பத்தாண்டுகளாகத் தெருக் காற்றில் கலந்தது. இந்தியாவில் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது; 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. சாலை வாகனங்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல்தான் நிறுத்தியது. இன்று ஆக்டேன் எண்ணைச் சுத்திகரிப்பு ஆலைகளிலேயே மூலக்கூறுகளை மாற்றியமைத்தும், எத்தனால் போன்றவற்றைச் சேர்த்தும் உயர்த்துகிறார்கள்.

ஊருக்கு ஊர் மாறும் எண்கள்

அமெரிக்காவில் வசிக்கும் உறவினர், "இங்கே நாங்கள் 87தான் போடுகிறோம்" என்று சொன்னால், இந்தியப் பெட்ரோல் உயர்ந்தது என்று மகிழ வேண்டியதில்லை. அளக்கும் முறை வேறு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா ஆகிய இடங்களில் ஆர்.ஓ.என் என்ற முறையில் அளந்த எண்ணைக் குறிப்பிடுகிறார்கள். இது ஓரளவு இலகுவான சூழலில், எஞ்சினை நிமிடத்துக்கு 600 சுற்றுகளில் ஓட்டிச் செய்யும் சோதனை. இன்னும் சூடான, கடினமான சூழலில் 900 சுற்றுகளில் செய்யப்படும் சோதனைக்கு எம்.ஓ.என் என்று பெயர். இதில் கிடைக்கும் எண் குறைவாக இருக்கும். அமெரிக்கப் பங்க்குகளில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். ஆகவே அங்குள்ள 87, நம் கணக்கில் ஏறத்தாழ 91 அல்லது 92. கொழும்பில் விற்கும் 92, 95 ஆகியவையும், மலேசியாவில் விற்கும் 95, 97 ஆகியவையும் நம்முடைய அதே அளவுகோலைச் சேர்ந்தவை. அந்த அமெரிக்க 87ஐத் தவிர, இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் ஆர்.ஓ.என் எண்களே.

உங்கள் எஞ்சின் எவ்வளவு பொறுமையைக் கேட்கிறது?

உங்கள் எஞ்சினின் நெருக்கத்தைத் தாங்கும் அளவுக்குப் பெட்ரோலுக்குப் பொறுமை இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட பொறுமைக்கு அந்த எஞ்சினில் வேலை இல்லை. நான்கு பேர் செல்லும் படகு முப்பது அடி ஆழமுள்ள நீரில் மிதந்தாலும் முந்நூறு அடி ஆழமுள்ள நீரில் மிதந்தாலும் ஒன்றுதான். நாக்கிங்கே ஏற்படாத எஞ்சினில், நாக்கிங்கை இன்னும் நன்றாகத் தடுக்கும் பெட்ரோலை ஊற்றினால் தடுக்க எதுவும் இல்லை.

தேவையான எண்ணைத் தயாரிப்பாளரே வாகனக் கையேட்டில் அச்சிட்டுத் தருகிறார். பல கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கும். அங்கே இரு வகையான சொற்களைக் காணலாம். 'குறைந்தது 91' என்று மட்டும் இருந்தால், அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் விற்கும் பெரும்பாலான குடும்பக் கார்கள் இந்த வகையே. '95 பரிந்துரைக்கப்படுகிறது, குறைந்தது 91' என்று இருந்தால், 91இல் வண்டி பாதுகாப்பாக ஓடும். ஆனால் முழுத் திறன் 95இல்தான் வெளிப்படும். 'குறைந்தது 95' என்றே இருந்தால் அதை மதித்தே ஆக வேண்டும். இறக்குமதி வடிவமைப்புக் கொண்ட சில டர்போ கார்களிலும் உயர்திறன் பைக்குகளிலும் இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது வகை எப்படிச் சாத்தியமாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கிறது. இன்றைய கார்களில் எஞ்சின் கட்டியின்மீது நாக் சென்சார் என்ற சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கும். மருத்துவர் மார்பில் வைக்கும் ஸ்டெதாஸ்கோப்பைப் போல, அது எஞ்சினின் அதிர்வை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாக்கிங்கின் அதிர்வு தென்பட்டதும், எஞ்சினை ஆளும் சிறு கணினி தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடுகிறது. வழக்கமாகப் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே தீப்பொறி விழும். அதைத் தாமதப்படுத்தினால் அழுத்தத்தின் உச்சம் தணிந்து நாக்கிங் நிற்கும், கூடவே இழுவையும் மைலேஜும் ஓரளவு குறையும். ஊஞ்சலைச் சரியான நொடியில் தள்ளாமல் சற்றுப் பிந்தித் தள்ளினால், அதே பலத்துக்கு ஊஞ்சல் குறைந்த தூரமே போவதைப் போன்றது இது.

95ஐ எதிர்பார்த்து வடிவமைத்த எஞ்சினுக்கு 91 கிடைத்தால் கணினி இப்படித் தணிந்துபோகிறது. மீண்டும் 95 கிடைத்தால் பழைய நேரத்துக்குத் திரும்புகிறது. அந்தக் கார்க்காரர், "பவர் போட்டதும் பிக்கப் கூடியது" என்று சொல்வது பொய்யன்று. ஆனால் அவர் கண்டது அந்தப் பெட்ரோல் கூடுதலாகக் கொடுத்த சக்தியை அன்று. முன்பு இழந்திருந்ததைத் திரும்பப் பெற்றதைத்தான். 91க்கென்று வடிவமைத்த காரில் கணினி தீப்பொறியை முன்னே நகர்த்துவதற்குப் பெரும்பாலும் இடம் வைக்கப்பட்டிருப்பதில்லை என்பதால், அங்கே 95 ஊற்றினாலும் 100 ஊற்றினாலும் மாற்றம் தெரியாது. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016இல் சாதாரணப் பெட்ரோலுக்கென வடிவமைத்த கார்களில் விலை கூடிய பெட்ரோலைச் சோதித்து, திறனிலோ மைலேஜிலோ புகையிலோ குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று அறிவித்தது. தேவையில்லாமல் அதைப் போட்டு அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டாலருக்கு மேல் வீணாக்கியதாகவும் கணக்கிட்டது.

அன்றாடம் நாம் ஓட்டும் சிறிய பைக்குகள், ஸ்கூட்டர்கள் பலவற்றில் நாக் சென்சார் கிடையாது. ஆனால் அவற்றின் தயாரிப்பாளர்கள் அதை அறிந்தே, சாதாரணப் பெட்ரோலில் நாக்கிங் வராத அளவுக்கு விகிதத்தையும் தீப்பொறி நேரத்தையும் வைத்திருக்கிறார்கள்.

சூழலும் இதில் பங்கு வகிக்கிறது. வேலூரின் மே மாத வெயிலில் உள்ளே வரும் காற்றே சூடாக இருப்பதால் நாக்கிங் வாய்ப்பு கூடும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத எஞ்சினில் நெருக்கம் குறைந்து, நாக்கிங்கும் குறையும். பழைய எஞ்சின்களில் கரி படிந்து சிலிண்டரின் இடம் சுருங்குவதால் நெருக்கம் சற்றுக் கூடிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் முன்பு இல்லாத நாக்கிங் புதிதாகக் கேட்கத் தொடங்கினால், உயர் ஆக்டேன் ஓசையை அடக்கக்கூடும். ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது போன்றது அது. மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை.

சுருக்கமாக: கையேடு கேட்கும் எண்ணுக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும், அதற்கு மேல் ஊற்றுவதால் எஞ்சின் கெடாது, ஆனால் பெரும்பாலான கார்களுக்குப் பயனும் இல்லை.

'பவர்' என்ற சொல்லுக்குள் இரண்டு சரக்கு

நம் ஊரில் விலை கூடிய பெட்ரோல் எல்லாவற்றையும் 'பவர்' என்ற ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். உண்மையில் அதற்குள் இரண்டு வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, ஆக்டேன் எண்ணையே உயர்த்திய பெட்ரோல்: இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95, இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர்99, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு97 போன்றவை. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்திய எக்ஸ்பி100, உயர்விலைக் கார்களையும் பைக்குகளையும் மனத்தில் கொண்டு மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கப்பட்டது. மற்றொன்று, ஆக்டேன் எண் ஏறக்குறைய அதேதான், ஆனால் எஞ்சினின் உட்பகுதியைத் துப்புரவாக வைத்திருக்கும் கூட்டுப்பொருள்கள் சேர்க்கப்பட்டது. பெயரில் எண் இருக்கிறதா, இல்லையா என்பது முதல் அடையாளம். பங்க்கில் ஒட்டியிருக்கும் விவரத்தைப் படிப்பது இன்னும் நல்லது.

கூட்டுப்பொருள்கள் பயனற்றவை அல்ல. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஆக்டேன் பற்றிய உண்மையை அறிந்தவர்கள் சில வேளை மறு எல்லைக்குப் போய், எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிடுகிறார்கள். பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரின் நுண்துளைகளிலும் காற்று உள்ளே வரும் வால்வுகளிலும் பிசுக்கு படிவது உண்மை. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி நீக்குவதைப் போல, இந்தக் கூட்டுப்பொருள்கள் படிவைத் தடுத்து, ஓரளவு நீக்கவும் செய்கின்றன. அமெரிக்காவில் 2004இல் சில கார் நிறுவனங்கள் சேர்ந்து, அரசு விதித்த குறைந்தபட்ச அளவைவிடக் கூடுதலான துப்புரவுப் பொருள் கொண்ட பெட்ரோலுக்கு 'டாப் டியர்' என்ற தனிச் சான்றையே ஏற்படுத்தின. முன்பு சொன்ன அதே ஏ.ஏ.ஏ சங்கம் 2016இல் நடத்திய மற்றொரு சோதனையில், 4,000 மைல் ஓட்டத்துக்கு ஈடான சோதனைக்குப் பின், சான்று இல்லாத பெட்ரோல்களில் சராசரியாக 19 மடங்கு கூடுதல் கரிப்படிவு காணப்பட்டது. கவனிக்க வேண்டியது, அந்தச் சான்று சாதாரண ஆக்டேன் பெட்ரோலுக்கும் பொருந்தும் என்பதுதான். துப்புரவு வேறு, ஆக்டேன் வேறு.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே தூவும் வகை எஞ்சின்களில், காற்று வால்வுகளின்மீது பெட்ரோல் படுவதே இல்லை. படாத இடத்தை எந்தக் கூட்டுப்பொருளாலும் கழுவ முடியாது.

எந்த நிறுவனம் என்பதைவிட எந்தப் பங்க்

ஒரு நிறுவனத்தின் பெட்ரோல் 'கெட்டி', இன்னொன்றின் பெட்ரோல் 'தண்ணி' என்ற பேச்சை ஒவ்வோர் ஊரிலும் கேட்கலாம். அடிப்படைப் பெட்ரோலைப் பொறுத்தவரை இதற்கு வலுவான ஆதாரம் இல்லை. நாட்டில் விற்கும் பெட்ரோல் எல்லாம் ஒரே இந்தியத் தர அளவைக்கு உட்பட்டவை. எல்லா இடங்களிலும் எல்லா நிறுவனங்களுக்கும் சுத்திகரிப்பு ஆலை இல்லாததால், எண்ணெய் நிறுவனங்கள் தங்களுக்குள் பெட்ரோலைப் பரிமாறிக்கொள்கின்றன. லாரியில் எவர் பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பக்கத்து ஆலையின் சரக்காக இருக்கலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மையாக வேறுபடுவது, பிற்பாடு சேர்க்கும் கூட்டுப்பொருள்கள்தான்.

வேறுபாடு கூடுதலாகத் தெரிவது பங்க்கில்தான். நிலத்தடித் தொட்டியில் மழைநீர் இறங்காமல் பார்த்துக்கொள்வது, வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவது, சரக்கு தேங்காமல் விற்றுத் தீர்ப்பது ஆகிய மூன்றும் அந்தந்தப் பங்க்கைப் பொறுத்தவை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. பெட்ரோல் தண்ணீரோடு சேராது. எத்தனாலோ தண்ணீரை விரும்பி இழுத்துக்கொள்ளும். சிறிதளவு தண்ணீர் என்றால் அது கரைந்து எரிந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். அடியில் இருப்பதை உறிஞ்சும் வண்டி நின்றுபோகும். மேலே எஞ்சியிருக்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் குறைந்ததாகிவிடும். அடைமழைக் காலத்தில், தண்ணீர் தேங்கும் தாழ்வான இடத்தில் இருக்கும் பங்க்கைத் தவிர்ப்பது, நிறுவனத்தைத் தேடி ஐந்து கிலோமீட்டர் போவதைவிடப் பயனுள்ள எச்சரிக்கை.

சந்தேகம் எழுந்தால் சோதித்துப் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. வடிதாளை (ஃபில்டர் பேப்பர்) கேட்டு வாங்கி, குழாய் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு பெட்ரோலை விட்டால், இரண்டு நிமிடத்துக்குள் அது ஆவியாகிவிட வேண்டும். கறை எஞ்சினால் கலப்படத்தைச் சந்தேகிக்கலாம். பெட்ரோலில் சேர்த்த சாயத்தின் மெல்லிய நிறம் மட்டும் தங்கினால் அது குற்றமன்று. அடர்த்தியையும் அளந்து காட்டச் சொல்லலாம். அளவில் ஐயம் என்றால், முத்திரையிட்ட 5 லிட்டர் கலனில் பிடித்துக் காட்டும்படி கேட்கலாம்.

எத்தனால் வந்தபின் மாறிய கணக்கு

2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது சாதாரணப் பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் 91. பிறகு எத்தனால் கலப்பு படிப்படியாக உயர்ந்து, இ20 எனப்படும் 20 விழுக்காட்டுக் கலவை 2025இல் பரவலாக வந்துவிட்டது. இந்தக் கலவையால் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 95 வரை உயர்ந்திருப்பதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கமளித்தது. ஆகவே, 95 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுத்து வந்தவர்கள், தங்கள் பங்க்கில் சாதாரணப் பெட்ரோலின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆக்டேன் ஏறியது, ஆற்றல் இறங்கியது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட செயல்திட்ட அறிக்கை, எத்தனாலற்ற பெட்ரோலுக்கு வடிவமைத்து, இ10 எனப்படும் 10 விழுக்காட்டுக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் இ20 ஊற்றினால் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு வரையும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடு வரையும் குறையலாம் என்று மதிப்பிட்டது. மைலேஜ் குறைந்ததைக் கண்டு பலர் 'பவர்' பெட்ரோலுக்கு மாறுகிறார்கள். மைலேஜ் குறைந்தது ஆற்றல் குறைவால். ஆக்டேனைக் கூட்டுவது அதற்கு மருந்தாகாது. இ20ஐத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கிய 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஆக்டேனை அன்று. ரப்பர்க் குழாய்களும் சீல்களும் எத்தனாலைத் தாங்குகின்றனவா என்பதை சர்வீஸின்போது பார்த்துக்கொள்வதுதான்.

நீங்களே செய்து பார்க்கும் கணக்கு

சாதாரணப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், விலை கூடியது 108 ரூபாய் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். செலவு சமமாக வேண்டுமானால், 15 கிலோமீட்டர் மைலேஜ் தரும் கார் 16.2 கிலோமீட்டராவது தர வேண்டும். அதற்குக் குறைந்தால் நட்டம். மாதம் 60 லிட்டர் போடுபவருக்கு அந்தக் கூடுதல் விலை ஆண்டுக்கு 5,760 ரூபாய்.

தருகிறதா என்பதை அறிய டாஷ்போர்டில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே பங்க்கில், ஒரே குழாயில், தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் முக்கால்வாசி தீரும் வரை வழக்கமாகப் போகும் சாலையில் வழக்கம்போல் ஓட்டி, அதே இடத்தில் மீண்டும் நிரப்பினால், ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்கலாம். ஒருமுறை செய்தால் போதாது. டயர் காற்று, போக்குவரத்து நெரிசல், ஏ.சி. ஆகியவற்றாலேயே மைலேஜ் அங்குமிங்கும் ஆடும். சாதாரணப் பெட்ரோலில் மூன்று முறை, விலை கூடியதில் மூன்று முறை என்று குறித்துவைத்து, இரண்டின் சராசரியையும் ஒப்பிடுங்கள். விலை கூடியதற்கு மாறும்போது முதல் நிரப்பலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டேங்க்கின் அடியில் மிஞ்சியிருக்கும் பழைய பெட்ரோல் அதில் கலந்திருக்கும்.